செயின்ட்-மிஷேலில் வீடு வாங்குதல்: இலாபமும் தாங்குசக்தியும்



யாழ்ப்பாணத்தில் காணி என்பது பெரும்பாலும் முதுசமாகவோ சீதனமாகவோ, தேசவழமைப்படி, கடனின்றிக் கைமாறிய சொத்தாகும். விலை இறங்கியது என்பதற்காக எவரும் அதனை இழந்ததில்லை. "வீட்டில் போட்ட பணம் வீண்போகாது" என்னும் நம்பிக்கை அங்கிருந்தே வந்தது. ஆனால் செயின்ட்-மிஷேலில் வாங்கப்படும் வீடு வங்கிக் கடனில் நிற்கும் வீடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

மெட்ரோ வருகிறது, விலை ஏறும் என்பது இன்று பலர் கூறும் கணக்கு. செயின்ட்-மிஷேல் மெட்ரோ நிலையம் 1986 இல் திறக்கப்பட்டது. நீலப் பாதை இன்னும் அங்கேயே முடிகிறது. அதனைக் கிழக்கே அஞ்சு வரை நீட்டும் ஐந்து நிலையங்கள் 2031 இல் திறக்கப்படும் என்பதே திட்டம். மிரோன் கற்குழி குப்பைமேடாகிப் பின்னர் பூங்காவாக மாறவும் பல பத்தாண்டுகள் சென்றன. ஊர் மெல்ல மாறும். கடன் தவணையோ மாதந்தோறும் வரும்.

வட்டியே முதலாவது ஆபத்து. கனடா வங்கியின் அடிப்படை வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 யூலையில் 5 வீதம். 25 ஆண்டுகளில் அடைக்கும் 400,000 டொலர் கடனுக்கு, வட்டி 2 வீதமாயின் மாதத் தவணை சுமார் 1,694 டொலர். 5 வீதமாயின் சுமார் 2,326 டொலர். மாதத்துக்கு 632 டொலர் வேறுபாடு.

அந்த வேறுபாட்டை வாடகையில் ஏற்றிவிடலாம் என எண்ணுவது இரண்டாவது ஆபத்து. கியூபெக்கில் வாடகைக்கு இருப்பவர் உயர்வை மறுத்து, வீட்டிலும் தொடர்ந்து இருக்கலாம். அப்போது உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். காப்புப்பணம் கேட்கவும் சட்டம் இடமளிக்காது. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு நிழல் தந்ததும் இதே சட்டந்தான் என்பதை மறத்தலாகாது.

அப்படியாயின் வழி என்ன? இரண்டு குடியிருப்புக் கொண்ட வீட்டை வாங்கி, ஒன்றில் வாழ்ந்து, மற்றதை வாடகைக்கு விடுதல் ஒப்பளவில் பாதுகாப்பானது. அதற்கு முற்பணம் முதல் 500,000 டொலருக்கு 5 வீதமும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 10 வீதமும் போதும். தாம் வாழாத வீட்டுக்கு 20 வீதம் வேண்டும். எனினும் ஆகக் குறைந்த முற்பணம் ஆகக் கூடிய கடன் என்பதை உணர வேண்டும். சொத்துக் கைமாற்று வரி, சோலைவரி, கூரை, அத்திவாரம், வெப்பமூட்டல் அனைத்துக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும். சீட்டு எடுத்து முற்பணம் கட்டுவோர், மீதிச் சீட்டுக்காசையும் மாதக் கடனாகவே கணக்கிட வேண்டும். நொத்தாரிசு எழுதும் உறுதியில் "சட்ட உத்தரவாதமின்றி" என்றிருந்தால், மறைந்திருந்த குறைகளுக்கு இழப்பீடு கோரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். கையொப்பமிடுமுன் அதன் பொருளைக் கேட்டறிதல் கடமை.

இறுதியாக, பிள்ளைகளின் கையொப்பம். வங்கி கேட்கிறது என்பதற்காகப் பல்கலைக்கழகம் முடித்த மகளையோ மகனையோ கடனில் சேர்ப்பது வழக்கமாகி வருகிறது. பிணையாளியாக நின்றால், அக்கடன் பின்னர் அவர்கள் தாமே கடன் பெறும் தகுதியைக் குறைக்கும். உரிமையாளராகப் பெயர் சேர்ந்து அவ்வீட்டிலேயே வாழ்ந்தால், 2023 இல் அறிமுகமான முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறக்கும் தகுதியும் பல ஆண்டுகளுக்கு இல்லாமற்போகலாம். பெற்றோர் இதனை மறைக்காமற் கூற வேண்டும். இளையோர் வெட்கப்படாமற் கேட்க வேண்டும். மறுப்பது நன்றிகேடு ஆகாது.

விலை ஏறினால் என்ன கிடைக்கும் என்பது இரண்டாவது கேள்வி. வட்டி ஏறி, ஒருவரின் வேலையும் போய், மேல்வீடு மூன்று மாதம் வெறுமையாகக் கிடந்தால் குடும்பம் தாங்குமா என்பதே முதற் கேள்வி. அதற்கு ஆம் என்று கணக்குக் காட்டும் வீடே வாங்கத்தக்க வீடு.