படச்சுருளை வருட எந்த மென்பொருள்?



ஊரை விட்டுப் புறப்பட்டபோது அம்மா நகைகளுடன் கட்டிக்கொண்டது, ஒரு பிஸ்கட் பெட்டி நிறைந்த நெகட்டிவ்கள். அண்மையில் அதைத் திறந்தேன். வினாகிரி வாடை வீசியது. அசிற்றேற்றுப் படச்சுருள் சிதையத் தொடங்கியதன் அறிகுறி அது. இனிக் காலந்தாழ்த்த இயலாது.

நம்மவர் பலர் வருடியில் பணத்தைக் கொட்டிவிட்டு மென்பொருளை மறந்துவிடுகின்றனர். நிக்கான் கூல்ஸ்கான் அருமையான வருடி. ஆயினும் அதனுடன் வந்த மென்பொருள் இன்றைய விண்டோசுக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை. இத்தகைய பழைய வருடிகளுக்கு 1998 முதல் வெளிவரும் வியூஸ்கான் கைகொடுக்கும். பல நிறுவனங்களின் வருடிகளை ஒரே உரிமத்தில் இயக்கும். ஆனால் படச்சுருளுக்கு அதன் தொழில்முறைப் பதிப்பே தேவை. ஜெர்மனியின் சில்வர்ஃபாஸ்ட் வண்ணத் திருத்தத்தில் நுட்பமானது. எனினும் அதன் உரிமம் பொதுவாக ஒரு வருடி மாதிரிக்கு மட்டுமே. வருடி மாறினால் மீண்டும் செலவு. என் தெரிவு வியூஸ்கான். முகப்பு அழகில்லைதான்!

எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். அகச்சிவப்புத் தூசி நீக்கியை அணைக்காமல் அப்பம்மாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை வருடினேன். முகம் திட்டுத்திட்டாய்ச் சிதைந்தது. வண்ணப் படத்தின் சாயம் பொதுவாக அகச்சிவப்பை ஊடுருவ விடும். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியோ தடுக்கும். ஆகவே மென்பொருள் முகத்தையே தூசியென்று கருதிவிட்டது. நெகட்டிவ் கையிலிருந்ததால் தப்பினேன். வருடி முடித்ததும் அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

மூலத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். திருத்தங்களைப் பிரதியில் செய்யுங்கள். இளையோர் வருடும்போது பெற்றோர் அருகிலிருந்து பெயர்களைச் சொல்லட்டும். எங்கள் பெட்டியில் சில முகங்களை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

வருடியைக் கொண்டுவந்துள்ளேன். நெகட்டிவ்களை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்து வாருங்கள்.