வீட்டுக் கல்வியும் குடும்பக் கூட்டும்



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பிக்கும் முறையைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். நம் ஜொகூர் மாநிலத்திலும் சில குடும்பங்கள் இம்முறையை மேற்கொண்டிருக்கின்றன. அவற்றுள் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல. தனித்துக் கற்பிப்பது பெரும் பாரம் என்று கண்ட சிலர், நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, வாரத்தில் ஓரிரு நாள் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் 'கோ-ஆப்' என்று பெயர். இது எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது, இதில் சேர நினைக்கும் தமிழ்க் குடும்பம் எவற்றை முன்னதாகவே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவற்றைக் காண்போம்.

கூட்டுறவு என்றதும், தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நம் நினைவுக்கு வரும். இது அத்தகைய பதிவு பெற்ற சங்கம் அன்று. பங்குத் தொகையும் இலாப ஈவும் இதில் இல்லை. நம் பெண்கள் கட்டி வந்த கூட்டுச் சீட்டே இதற்கு நெருங்கிய உறவு எனலாம். (அந்தச் சீட்டை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் ஏறியிருப்பது ஒரு வேடிக்கை!) சீட்டில் பணம் போடுவார்கள், இதில் நேரத்தைப் போடுகிறார்கள். முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு பிறகு கட்டாமல் விடுகிறவரால் சீட்டு எப்படி உடையுமோ, அப்படியே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தம் முறை வரும்போது வராமல் போகும் பெற்றோரால் இந்தக் கூட்டும் உடைந்துபோகும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். ஐந்து குடும்பங்கள், ஒன்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயும் வியாழனும் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை ஒரு வீட்டிலோ திருச்சபை மண்டபத்திலோ கூடுகிறார்கள். கணிதம் அறிந்த தாய் பெரிய பிள்ளைகளுக்குக் கணிதம் எடுப்பார். முன்பு தாதியாக இருந்தவர் அறிவியலை ஏற்றுக்கொள்வார். மூன்றாமவர் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி தருவார். நான்காமவருக்குப் பாடம் எடுக்க வராது. அவர் சமையலையும் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார். அதுவும் பாடம் எடுப்பதற்குச் சமமான மணிக்கணக்கே என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாமல் விட்ட கூட்டுகளில் முதல் மனக்கசப்பு சமையலறையிலிருந்துதான் கிளம்பும்.

தகப்பன்மாரின் முறை என்ன? விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்புவோர் ஜொகூர் பாரு வட்டாரத்தில் எத்தனையோ பேர். வாரநாள் வகுப்புக்கு அவர்களை எதிர்பார்க்க முடியாது. சனிக்கிழமை விளையாட்டுப் பயிற்சி, புத்தகம் வாங்குதல், கணக்குப் புத்தகம் எழுதுதல் ஆகியவற்றை அவர்கள் ஏற்கலாம். இவ்வளவும் தாயின் தலையிலேயே விழும் வீட்டில், வீட்டுக் கல்வி ஈராண்டு தாங்குவதும் அரிது என்பது எங்கள் கருத்து.

செவ்வாயும் வியாழனும் போக மீதி நாட்களில் பிள்ளை தன் வீட்டில்தான் படிக்கிறது. இதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கூட்டு என்பது பள்ளியன்று. கல்விக்குப் பொறுப்பு அந்தந்தப் பெற்றோருடையதே. சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கற்பிக்கப்படும் இடத்தைப் பள்ளி என்று வரையறுக்கிறது. சமயத்தை மட்டுமே போதிக்கும் இடத்திற்கு அதில் விலக்கு உண்டு. ஞாயிறு பள்ளி இதனால் பள்ளியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அதே மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை கணிதமும் அறிவியலும் நடந்தால் அந்த விலக்கு பொருந்தாது. 'நாம் சபை மண்டபத்தில்தானே கூடுகிறோம்' என்று அமைதி கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பத்தாவது பிள்ளையைச் சேர்க்குமுன் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பத்து என்னும் எண் நமக்குப் பழக்கமானதுதான். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த ஏற்பாட்டில் முளைத்தவையே.

சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 2002இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது. ஆகவே வீட்டுக் கல்வியை நாடுகிறவர்கள் விலக்குக்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை. கூட்டில் சேர்ந்துவிட்டால் விலக்கு தானாக வந்துவிடாது. அது பிள்ளைக்குப் பிள்ளை பெற வேண்டியது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை 2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றியது. ஆகவே பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் இனி இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரிலும் அதே 2003இல்தான் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, நூற்றுவரில் அடிமட்டத்து முப்பத்து மூவரைத் தாண்டிய நிலையை எட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்துத் தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. இதனால் விளைவது என்ன? வீட்டில் படிக்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வெளியார் எவரும் அளந்து சொல்வதற்குள் அதற்குப் பதினேழு வயது ஆகிவிடுகிறது. பதினேழு வயதில் தெரியவரும் குறையைச் சரிசெய்ய நேரம் ஏது? எனவே ஆண்டுக்கு இருமுறையாவது கூட்டே தேர்வு வைக்க வேண்டும். வினாத்தாளைத் தாயார் தம் பிள்ளைக்குத் தாமே திருத்தாமல் வேறொருவர் திருத்த வேண்டும். இது சற்றுச் சங்கடமான காரியம்தான். தம் பிள்ளைக்கு நாற்பது மதிப்பெண் போட்ட அக்காவை மறுநாள் முகம் பார்த்துப் பேசுவது எளிதல்ல!

எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வாளராக எழுதலாம். ஆனால் மலாய் மொழியில் தேர்ச்சி இல்லையேல் சான்றிதழ் இல்லை. 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். வரலாற்றுத் தாளும் மலாயில்தான். இங்கேதான் பல குடும்பங்கள் திகைக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் ஏ.சி.இ. பாடத்திட்டம் 1970இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஒரு பாடத்திற்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு சிறு புத்தகங்கள். பிள்ளை தானே படித்து, விடைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். தாய்க்கு வேலை குறைவு; உண்மைதான். ஆனால் அதிலே மலாயும் இல்லை, தமிழும் இல்லை, பரமேஸ்வரனின் மலாக்காவும் இல்லை. ஆங்கிலேயரின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை எழுதி வெளிநாடு போகலாம் என்பார்கள். போகிறவர்கள் போகட்டும். இங்கேயே அரசாங்க வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு மலாய் இன்றியமையாதது. பன்னிரண்டு வயதில் அந்தக் கதவைப் பிள்ளையைக் கேளாமல் சாத்திவிடும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வீட்டுக் கல்விக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை அவற்றிலிருந்து விலகியே போகிறது. கூட்டில் சீனக் குடும்பமும் இருக்கும், கடசான் குடும்பமும் இருக்கும். பொது மொழி ஆங்கிலமாகிவிடும். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மாலைக் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை ஆளுக்கொரு வசனமாகப் படிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் ஒரு வசனம் வரும். அதுவே நாள்தோறும் நடக்கும் தமிழ்ப் பாடம். ஆயினும் வேதாகமத் தமிழ் பழைய நடை. அதை மட்டும் படித்த பிள்ளை கட்டுரை எழுத முடியாது. வாரம் மூன்று மணி நேரமாவது தமிழுக்கென ஒதுக்கி, தமிழ்ப்பள்ளிப் பாடநூல்களையே வைத்துப் படிப்பிக்கலாம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் மொழியும் தமிழ் இலக்கியமும் இன்றும் பாடங்களாக உள்ளன.

வயது வேறுபட்ட பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று சிலர் கேட்பார்கள். இதற்கு விடை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னையில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியை மேற்பார்த்து வந்தார். நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அந்த வழியைத் தம் விடுதியில் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடாக அது வளர்ந்தது. 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார்; பின்னர் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. பதினொரு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் இருவருக்கும் பயன். ஆனால் அரை மணி நேரம் போதும். பெரிய பிள்ளை தன் பாடத்தை விட்டுவிட்டு ஆசிரியராகிவிடக் கூடாது.

இறுதியாக, பிரிவதற்கும் ஒரு முறை வேண்டும். வேலை மாற்றத்தாலோ, பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்கும் எண்ணத்தாலோ குடும்பங்கள் விலகுவது இயல்பு. விலகும் குடும்பம் ஒரு பருவத்திற்கு முன்பே சொல்லிவிட்டால், அவர்கள் எடுத்த பாடத்தை ஏற்க வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். பொதுப் பணத்தில் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளையின் மதிப்பெண் ஏடும், அது எழுதிய பயிற்சிப் புத்தகங்களும் பிள்ளையோடே போக வேண்டும். மீண்டும் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் முதலில் கேட்பவை அவையாகத்தான் இருக்கும்.