பணம் யார் கைக்கு வருகிறது?



ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று கேட்கிறோம். அது யார் கைக்கு வருகிறது என்று கேட்பதில்லை. பிள்ளைகளின் வளர்ச்சி இந்த இரண்டாவது கேள்வியையும் சார்ந்தது என்பதே நான் சொல்ல வந்தது. பிரிட்டனில் பிள்ளைகளுக்கான சலுகை ஒருகாலத்தில் பெரும்பாலும் தந்தையின் வருமான வரியில் கழிக்கப்பட்டது. 1970-களின் இறுதியில் அதை நீக்கிவிட்டு, உதவித்தொகையாகத் தாயிடமே கொடுத்தார்கள். அதன்பின், ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால், பெண்கள், பிள்ளைகளின் உடைச் செலவு கூடியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் கறுப்பின முதியோருக்கான ஓய்வூதியம் விரிவுபடுத்தப்பட்டது. பாட்டி வாங்கிய தொகை பேத்திகளின் உயரத்திலும் எடையிலும் தெரிந்தது. தாத்தா வாங்கியதில் அந்தப் பலன் தென்படவில்லை என்று 2003-இல் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ காட்டினார்.

குடும்பத்துக்குள் உன் பணம், என் பணம் என்று பிரிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கவலை பாசத்தில் பிறந்தது, மதிக்கிறேன். ஆனால் ஒரே வீட்டில் ஒத்துழைப்பும் முரண்பாடும் சேர்ந்தே இருக்கின்றன என்றார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். யார் சொல் எடுபடும் என்பது, மனம் முறிந்தால் யாருக்குப் போக்கிடம் உண்டு என்பதைப் பொறுத்தது. பெண்ணுக்கு அந்தப் போக்கிடம் சொந்த நிலம் என்று வாதிட்டவர் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால். நிலம் உள்ளவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே அவள் பேச்சுக்கு மதிப்பு வந்துவிடுகிறது.

இதைத் தமிழகம் முன்பே உணர்ந்திருந்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம், அப்போது மணமாகாதிருந்த இந்துக் குடும்ப மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-இல் அந்த உரிமை நாட்டளவில் இந்துக் குடும்ப மகள்களுக்கு விரிந்தது. அதற்குப் பிறகும் அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சீர்வரிசை செய்தாயிற்றே என்பது சொல்லப்படும் காரணம். சீர் பெரும்பாலும் புகுந்த வீட்டார் கைக்குப் போய்விடுகிறது. கல்யாணச் செலவோ அன்றோடு கரைகிறது. அவள் பெயரில் உள்ள நிலம்தான் வருடாவருடம் அவளுக்கு வருமானம் தரும்.

பெண் கையில் பணம் சேர்ந்தால் நாடு தானாக வளர்ந்துவிடுமா என்ற ஐயமும் நியாயமானதே. வளராது. பெண்களுக்கு அதிகாரம் அளிப்பது மட்டும் வளர்ச்சிக்குப் போதாது என்று 2012-இல் டுஃப்லோவே எச்சரித்தார். நல்ல பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் வேண்டும். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. அது துணை நிற்கும், ஊதியத்துக்கு ஈடாகாது. ஆனால் மகளின் பங்கைத் தர வளர்ச்சிக் கணக்கு எதற்கு? அது அவளுடையது என்பதே போதுமான காரணம்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. ஊருக்கு அனுப்பும் பணத்தை அம்மாவின் கணக்குக்கும் மனைவியின் கணக்குக்கும் அனுப்புங்கள். பாகப்பிரிவினைக்குப் பவர் பத்திரம் கேட்டு ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, அதில் சகோதரிகளின் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். எழுதப்படாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.