முடியாத வாக்கியத்துக்குக் காத்திருப்போம்

(ஆண்டு நன்றி ஆராதனைக்குப் பின் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கூடுகையில், சுகம் பெற்று வீடு திரும்பியவர்களைப் பற்றியே உங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். இந்த முறை, வீடு திரும்பியும் முழுச் சுகம் பெறாதவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பக்கவாதம் வந்து உயிர் தப்பியவர்கள். ஆனால் நடையில் தள்ளாட்டமும் பேச்சில் தடுமாற்றமும் நீங்காமல் வாழ்கிறவர்கள். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அல்லது இப்போதெல்லாம் ஆலயத்துக்கே வராமல் இருப்பார்.

எங்கள் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் இருக்கிறார். குடிப்பழக்கத்துக்கு எதிராக அவர் பேசாத தெரு அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவருக்குத் தலை சுற்றியது, வாந்தி வந்தது, நிற்க முடியவில்லை. கைகால் விழவில்லை, வாயும் கோணவில்லை; ஆகவே வாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாலையில் பேச்சு குழறிய பிறகுதான் வண்டி பிடித்து எங்களிடம் கொண்டு வந்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், சிறுமூளையின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிச் சேதமடைந்திருப்பதாகச் சொன்னார். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரம் கடந்து போயிருந்தது.

பின்தலையில் இருக்கும் சிறுமூளையின் வேலை, அசைவுக்கு அளவு கொடுப்பது. கால் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும், நாக்கு எந்தக் கணத்தில் எங்கே தொட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது அதுவே. அந்த அளவு கெடும்போது, பெலன் இருந்தும் நடை தள்ளாடும்; வார்த்தை தெரிந்தும் பேச்சு குழறும். புத்தியோ தெளிவாக இருக்கும். உபதேசியார் மூன்று வாரம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். நாங்களும் ஸ்தோத்திரம் சொல்லி வழியனுப்பினோம்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவருடைய மனைவி எங்களிடம், “ஐயா, இவங்க கோயிலுக்கே போக மாட்டேங்கிறாங்க” என்று கண் கலங்கினார்கள். விசாரித்தோம். ஒரு ஞாயிறு காலை பேருந்தில் ஏறும்போது அவர் தள்ளாடியிருக்கிறார். நடத்துநர் பார்த்துவிட்டு, “காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா, பெருசு?” என்று கேட்டு இறக்கி விட்டிருக்கிறார். அப்படியில்லை என்று விளக்க வாய் திறந்தால், அந்தப் பேச்சும் குடித்தவர் பேச்சாகவே கேட்டது. பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் வாசற்படி தாண்டவில்லை.

நடத்துநரைக் குறை சொல்வது எளிது. ஆனால் நாங்கள் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அவருடைய வீட்டுக்குப் போய், அவரையே ஜெபிக்கச் சொன்னோம். மெல்ல ஆரம்பித்தார். நாலைந்து வார்த்தைக்குப் பிறகு நின்றது. அவர் சிரமப்படுகிறாரே என்று நாங்களே தொடர்ந்து ஜெபித்து ஆமென் சொல்லி முடித்துவிட்டோம். பிறகு அவர் கேட்கும்போதே, “சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா?” என்று அவருடைய மனைவியிடம் கேட்டோம். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கோணல் எழுத்தில் எழுதிக் காட்டினார்: “என் ஜெபத்தை ஏன் முடித்தீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லை.”

பிரியமானவர்களே, நாற்பது ஆண்டுகளாக நோயாளிகளின் கட்டிலருகே நின்று பழகிய எங்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாயிருந்தது.

மோசே தன் நாவு மந்தமானது என்று ஆண்டவரிடம் முறையிட்டதை அறிவீர்கள். ஆண்டவர் அந்த நாவை உடனே மாற்றிக் கொடுத்ததாக நாம் வாசிப்பதில்லை. பக்கத்தில் நிற்க ஆரோனைக் கொடுத்தார். ஆனால் ஆரோன் பேச வேண்டியது மோசே அவன் வாயில் வைத்த வார்த்தைகளை. மோசே இல்லாத இடத்தில் ஆரோன் தானாக நடந்துகொண்டபோது என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். பேச முடியாதவருக்காகப் பேசுவது ஊழியம்தான். அவருடைய வார்த்தையைக் கேட்காமல் பேசினால் அது அவரிடமிருந்து மிச்சமிருக்கும் பேச்சையும் பறிப்பதாகும்.

எல்லாருடைய தடுமாற்றமும் ஒன்றல்ல. எங்கள் வார்டில் இருந்த ஒரு தாயாருக்கு மூளையின் இடப்பக்கத்தில் பாதிப்பு. அவர்களுக்கு நாக்கு நன்றாகப் புரளும், வார்த்தைதான் அகப்படாது. தண்ணீர் வேண்டும் என்பதைச் சொல்லத் தவிப்பார்கள். இதை அபேசியா என்பார்கள். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடியவராயிருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருப்பதைக் காட்டினார்.

அந்தத் தாயார் ஒரு நாள் காலை, வார்டு ஆராதனையில் கீர்த்தனை பாடியபோது எங்களோடு சேர்ந்து வார்த்தை பிசகாமல் பாடினார்கள். நர்ஸ்மார் அழுதுவிட்டார்கள். இனி பேச்சும் வந்துவிடும் என்று நாங்கள் அவசரப்பட்டுச் சொன்னோம். மறுநாள் அவர்களுக்குத் தண்ணீர் என்ற சொல் வரவில்லை. பேச்சு போனவர்கள் பலருக்கு, பழகிய பாட்டும் மனப்பாட ஜெபமும் நிற்பதுண்டு. ராகத்தோடு வரும் வார்த்தைக்கு மூளையின் வலப்பக்கமும் உதவுகிறது என்கிறார்கள். அது முழுச் சுகத்தின் அறிகுறி அல்ல. ஆனாலும் அந்தப் பாட்டு அவர்களுடைய சொந்தக் குரல். அதைக் கேட்டது எங்களுக்குப் பாக்கியம்.

உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவமனையின் வேலை முடிவதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் நடக்கும் சக்தியை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு அடித்தளமிட்டார். உங்கள் காணிக்கையும் அந்த வழியில்தான் செல்கிறது. இரு பக்கமும் பிடித்து நடக்கும் கம்பிகள், பிசியோதெரபி அறையின் ஆளுயரக் கண்ணாடி, வீடு தேடிப் போகும் ஊழியரின் பேருந்துச் செலவு: இவை பெயர்ப்பலகை வைக்கக்கூடிய காரியங்கள் அல்ல. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும். வீட்டார் சோர்ந்துபோவது அப்போதுதான். பயிற்சியை விடாமல் செய்தால் அதற்குப் பின்னும் நன்மை உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. திடீரென்று முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நிற்க முடியாமல் தள்ளாடினாலோ, ஒன்றும் குடிக்கக் கொடுக்காமல் உடனே 108க்கு அழையுங்கள். வீட்டில் வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். குளியலறையில் பிடிமானமும் இரவில் ஒரு சிறு விளக்கும் வையுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். முழங்காற்படியிட முடியாதவருக்குத் திருவிருந்தை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டு வரும்படி உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். அவர் பேசும்போது சத்தத்தைக் குறைத்து, முகம் பார்த்து, அவரே முடிக்கும் வரை காத்திருங்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாமல், இன்னொரு முறை சொல்லக் கேளுங்கள்.

உபதேசியாருக்கு எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: விரலால் மேசையில் தட்டி, தட்டுக்கு ஒரு வார்த்தை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் எழுதிக் கொடுத்தோம்: “எனக்குப் பக்கவாதம் வந்தது. நடையும் பேச்சும் தடுமாறும். புத்தி தெளிவாக இருக்கிறது. தயவுசெய்து பொறுத்துக் கேளுங்கள்.” சபையார் இருவர் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தார்கள்.

ஒரு ஞாயிறு, இருபத்துமூன்றாம் சங்கீதத்தை வாசிக்க அவரைக் கேட்டார்கள். வாசிப்புப் பீடத்தருகே ஒரு நாற்காலி போட்டார்கள். ஆறே வசனம். நம்மில் ஒருவர் வாசித்தால் ஒரு நிமிடம். அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நான்காம் வசனத்தில் நின்றுவிட்டார். முன் வரிசையில் இருந்த எங்களுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. சபை முழுவதும் காத்திருந்தது. அவர் விரலால் தட்டி, தட்டி, அந்த வார்த்தையைக் கண்டுபிடித்து, முடித்தார்.

இன்றும் அவர் தள்ளாடித்தான் நடக்கிறார். முன்போலப் பிரசங்கிப்பதில்லை. ஆனால் போன மாதம் நாங்கள் போயிருந்தபோது, “நா…னே… ஜெ…பி…க்கி…றேன்” என்றார். ஆமென் சொல்லும் வரை காத்திருந்தோம். எங்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லி ஜெபித்தார், உங்களையும் விடவில்லை.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.