தலையெழுத்தா, ஊசியா?



ஹெபடைடிஸ்-சி என்னும் ஈரல் வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். காமாலை என்றால் நம்மவர்கள் மந்திரிக்க ஓடுகிறார்கள். கெட்ட தண்ணீராலும் தீனியாலும் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். பெயர் மட்டும் மந்திரவாதிக்கு! ஆனால் இந்த "சி" கிருமியோ பெரும்பாலோருக்குக் காமாலையைக் காட்டுவதேயில்லை. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பேர் உடம்பில் நிலைத்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு 20, 30 வருஷம் சத்தமில்லாமல் ஈரலை அரித்து, வயிறு வீங்கி இரத்தம் கக்கும்போதுதான் வெளிப்படுகிறது. உடனே "தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறார்கள்.

எகிப்து தேசத்தின் கதையைக் கேளுங்கள். நைல் நதி வாய்க்கால்களில் இறங்கி வேலை செய்த குடியானவர்களுக்கு நத்தை மூலமாய் ஒரு புழு நோய் வந்துகொண்டிருந்தது. அதைப் போக்க 1950-களிலிருந்து 1980-கள் வரை சர்க்காரே ஊர் ஊராய் ஊசி போட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரே ஊசி பலருக்கு. சரியாய்ச் சுத்தம் செய்யவுமில்லை. ஒருவர் இரத்தத்திலிருந்த கிருமி ஊராருக்கெல்லாம் ஏறிற்று. இந்த வியாதி உலகிலேயே மிகுந்த தேசமென்று எகிப்து பெயரெடுத்தது. கிருமி இன்னதென்று கண்டுபிடித்ததோ 1989-ல்! அந்த ஏழைகளின் தலையில் எழுதினது ஆண்டவனா, ஊசி முனையா?

2013-ல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! (மந்திரவாதிகூட இவ்வளவு கேட்கமாட்டான்.) எகிப்து சர்க்கார் பேரம் பேசி அதை 900 டாலருக்கு வாங்கிற்று, பிறகு உள்நாட்டிலேயே செய்வித்தது. 2018-ல் தொடங்கி, ஏழு மாதத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேரைச் சோதித்து, நோய் கண்டவர்களுக்கு இலவசமாய் மருந்து கொடுத்தது.

நம் தேசத்திலும் 2018 ஜூலையில் தொடங்கின சர்க்கார் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசமே. சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமாகிறது. ஈரல் சுருங்குமுன் சாப்பிட்டால் ஈரலும் தப்பும். தடுப்பூசி இதற்கில்லை.

நோயாளிக்குத் தனித்தட்டு வைத்துத் திண்ணையில் தள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது இரத்தத்தால் பரவுவது; தொட்டாலோ கூட உட்கார்ந்து உண்டாலோ ஒட்டாது. ஏற்கெனவே உள்ள தீட்டு போதாதா?

முன்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களும், பச்சை குத்திக்கொண்டவர்களும் நாளையே சோதித்துக் கொள்ளுங்கள். முதல் சோதனை, கிருமி என்றாவது வந்ததா என்பதை மட்டுமே சொல்லும். இப்போது இருக்கிறதா என்பதற்கு இரண்டாம் சோதனை உண்டு; அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.