வரி வாங்கிய கை புத்தகம் மறுக்கலாமா?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



படிக்கிற உரிமை யாரும் போடுகிற பிச்சையல்ல. அதற்காக அமெரிக்காவில் நடந்த ஒரு போராட்டத்தைச் சொல்கிறேன்.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில், அலெக்ஸாந்திரியா என்று ஒரு நகரம். 1937-ல் அங்கே பொது நூலகம் திறந்தார்கள். பெயர்தான் 'பொது'. கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் வரி வசூலிக்கும்போது மட்டும் கறுப்பு, வெள்ளை பார்க்கவில்லை!

சாமுவேல் டக்கர் அந்த ஊர்க் கறுப்பின வக்கீல். வயது 26. ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜெண்ட் ஒருவருடன் போய் உறுப்பினர் சீட்டு கேட்டார். மறுத்தார்கள். வழக்குத் தொடுத்தார். அதோடு நிற்கவில்லை.

1939 ஆகஸ்ட் 21. அவர் ஏற்பாட்டின்படி ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் போனார்கள். மரியாதையாகச் சீட்டு கேட்டார்கள். இல்லை என்றதும், ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துத் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து வாசித்தார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. குற்றம் என்ன தெரியுமா? ஒழுங்கைக் குலைத்தார்களாம்! நூலகத்தில் படிப்பது ஒழுங்கீனம் என்றால், நூலகம் எதற்கு?

நகர நிர்வாகம் யோசித்தது. 1940-ல் கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டியது. பழைய புத்தகங்கள், பழைய மேஜை நாற்காலிகள். டீக்கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு இந்தத் தந்திரம் புரியாதா? டக்கருக்கும் புரிந்தது. நான் சீட்டு கேட்டது அந்த நூலகத்துக்கு, இதற்கல்ல என்று எழுதி, கொடுத்த சீட்டை மறுத்துவிட்டார். அந்த ஐவர் மீதான குற்றச்சாட்டு 2019-ல்தான் தள்ளுபடியாயிற்று. எண்பது ஆண்டுகள்!

தோழர்களே, நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவனும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுக்கிறான். ஆகவே நூலகம் நம் காசில் நடப்பது. ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு போனாலும், வயலிலிருந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு போனாலும், அந்த நாற்காலி நமக்கும் உரியது. கூசாமல் உட்காருங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் உறுப்பினராக்குங்கள். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். எதைப் படிப்பது என்பதை நாம் தீர்மானிப்போம்.