லுக் ஃபார்வர்ட் டு

வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர் கடிதத்தை ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடிக்கிறார்கள். ‘ஹியர்’ என்பது அங்கே தவறு. ‘ஹியரிங்’ என்று எழுத வேண்டும்.

‘டு’ வந்தால் அடுத்து வினைச்சொல் அப்படியே வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? ‘ஐ வான்ட் டு கோ’ போன்ற இடத்தில் அது சரி. இங்கே உள்ள ‘டு’ வேறு. இது ஒரு பிரிபொசிஷன். தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்’ என்று சொல்கிறோம் அல்லவா? அந்த இடத்தில் வினை வர வேண்டுமானால், நம் ‘கேட்டல்’, ‘சந்தித்தல்’ போலத் தொழிற்பெயராக மாறித்தான் வரும். அதனால்தான் ‘ஹியரிங்’, ‘மீட்டிங்’.

பொருளிலும் கவனம் வேண்டும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பது வெறும் எதிர்பார்ப்பு அல்ல, ஆவலோடு, மகிழ்ச்சியோடு காத்திருப்பது. மின்கட்டணம் அதிகமாக வரும் என்று நினைத்தால் அதற்கு ‘எக்ஸ்பெக்ட்’ போதும். அலுவலகக் கடிதத்தில் ‘ஐ லுக் ஃபார்வர்ட்’ என்று எழுதுவது மரபு. நண்பர்களிடம் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்பது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

திறமையுள்ள பிள்ளைகளின் விண்ணப்பத்தில் இந்தச் சின்னப் பிழை இருக்கவே கூடாது. வீட்டில் யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால், அவர்கள் கடிதத்தின் கடைசி வரியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.